ஏற்ற இறக்கப் பலகை தரும் பாடம்

பூங்காவிலுள்ள ஏற்ற இறக்கப் பலகையின் ஒரு முனையில் 60 கிலோகிராம் எடையுள்ள தந்தை அமர்கிறார். மறுமுனையில் 20 கிலோகிராம் எடையுள்ள மகள் அமர்கிறாள். தந்தையின் பக்கம் தரையைத் தொட்டு நிற்கிறது. மகள் மேலேயே இருக்கிறாள். இருவராலும் விளையாட முடியவில்லை. தந்தை பலகையின் நடுப்பகுதியை நோக்கி நகர்கிறார். மகள் நடுவிலிருந்து 150 சென்டிமீட்டர் தொலைவிலும் தந்தை 50 சென்டிமீட்டர் தொலைவிலும் அமர்ந்ததும் பலகை சமநிலை அடைகிறது. இருவரின் எடையும் மாறவில்லை. அமர்ந்த இடம்தான் மாறியது.

விளையாட்டுப் போட்டிகளிலும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு உடையவர்கள் எதிரெதிரே நிற்பதுண்டு. 2001ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள், உலகக் கிண்ணக் காற்பந்துத் தகுதிச் சுற்றில் ஆஸ்திரேலியா 31-0 எனும் கோல் கணக்கில் அமெரிக்கச் சமோவாவை வீழ்த்தியது. கடப்பிதழ்ச் சிக்கலால் அமெரிக்கச் சமோவா அணியின் வழக்கமான ஆட்டக்காரர்களுள் பெரும்பாலோர் ஆட இயலவில்லை. எனவே, பதின்ம வயதினர் பலர் களமிறக்கப்பட்டனர்.

இத்தகைய ஆட்டம் தோற்றவரை மனம் தளரச் செய்கிறது. வென்றவருக்கும் இதனால் பெரிய பயன் இல்லை. அன்று 13 கோல்களை அடித்த ஆர்ச்சி தோம்சனே இதுபோன்ற ஆட்டங்கள் தேவையில்லை எனக் கருத்துரைத்தார். பின்னர், அவ்வட்டாரத்தின் சிறிய அணிகள் முதலில் தங்களுக்குள் மோதும் வகையில் தொடக்கச் சுற்று ஏற்படுத்தப்பட்டது. ஆஸ்திரேலியாவோ 2006இல் ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பில் இணைந்து, வலுவான அணிகளைச் சந்திக்கத் தொடங்கியது.

ஏற்றத்தாழ்வைச் சரிசெய்ய விளையாட்டு உலகம் பல வழிகளைக் கையாள்கிறது. குத்துச்சண்டையிலும் ஜூடோவிலும் போட்டியாளர்கள் எடைக்கேற்பப் பிரிக்கப்படுகின்றனர். பாராலிம்பிக் போட்டிகளில், உடற்குறைபாடு ஒருவரின் ஆட்டத்தை எந்த அளவு பாதிக்கிறது என்பதைக் கொண்டு பிரிவுகள் வகுக்கப்படுகின்றன. தோக்கியோவிலும் பாரிசிலும் பூப்பந்தில் தங்கம் வென்ற மலேசிய வீரர் சியா லியேக் ஹௌ, கைக்குறைபாடு உடையோருக்கான பிரிவில் போட்டியிட்டவர்.

கோல்ஃப் விளையாட்டில் வேறொரு முறை உண்டு. திறன் குறைந்தவருக்குக் கூடுதலான சலுகை அடிகள் தரப்படுகின்றன. 18 சலுகை அடிகள் பெற்றவர் 90 அடிகளில் ஆட்டத்தை முடித்தால், அவரது கணக்கு 72. இரண்டு சலுகை அடிகள் மட்டுமே பெற்றவர் 75 அடிகளில் முடித்தால், அவரது கணக்கு 73. குறைந்த எண்ணிக்கையே வெற்றி என்பதால், புதியவரும் தேர்ந்தவரை வெல்லலாம்.

அன்றாட வாழ்வில் இத்தகைய விதிகள் எழுதப்படுவதில்லை. வகுப்பில் விரைவாகக் கற்கும் மாணவரும் மெதுவாகக் கற்கும் மாணவரும் இணைந்து ஓர் இடுபணியைச் செய்வதாகக் கொள்வோம். முன்னவரே எல்லாவற்றையும் செய்து முடிக்க, பின்னவர் பெயரை மட்டும் எழுதுகிறார். பணி முடிந்துவிடுகிறது, ஆனால், ஒருவருக்குச் சுமை கூடுகிறது, மற்றவருக்குத் தன்னம்பிக்கை குறைகிறது. மாறாக, மெதுவாகக் கற்பவர் முதலில் தம் கருத்தைக் கூற, மற்றவர் காத்திருந்து கேட்டால், இருவருக்கும் அப்பணியில் பங்கு கிடைக்கும்.

வலியவரோடு மோதுவதே தவறு என்று இதற்குப் பொருளன்று. தம்மைவிடச் சிறந்தவரோடு விரும்பி ஆடுபவர் புதிய நுணுக்கங்களைக் கற்கலாம். ஆனால், எட்டிப்பிடிக்கவே முடியாத இடைவெளியில் கற்பதற்கு வாய்ப்புக் குறைவு.

2011ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்கச் சமோவா, டோங்கா அணியை 2-1 எனும் கோல் கணக்கில் வென்றது. டோங்காவும் 2001இல் ஆஸ்திரேலியாவிடம் 22-0 எனத் தோற்ற அணிதான். அதுவே அனைத்துலகத் தகுதிச் சுற்றில் அமெரிக்கச் சமோவாவின் முதல் வெற்றி. அன்று கோல் கம்பத்தைக் காத்து நின்றவர் நிக்கி சலாப்பு. பத்தாண்டுகளுக்கு முன் அந்த 31 கோல்களையும் விட்டவர் அவரே.