கிருமிப் பாடம் நடத்திய குத்தகையாளர்

அறிவியலைச் சாதாரண மக்களிடம் கொண்டு சேர்க்கத் தகுதியானவர் யார்? பேராசிரியரா, மருத்துவரா? சிங்கப்பூரில் 2003ஆம் ஆண்டு அந்தப் பொறுப்பு ஒரு நகைச்சுவைத் தொடரின் கதாபாத்திரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சுருட்டை முடி, முகத்தில் பெரிய மச்சம், காலில் மஞ்சள் பூட்ஸ். ஆம் நேயர்களே, குர்மிட் சிங் நடித்த குத்தகையாளர் புவா சூ காங்தான்!

இவருடைய சிங்லிஷ் பேச்சு பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று அப்போதைய பிரதமர் கோ சோக் டோங் 1999ஆம் ஆண்டு தேசிய தினப் பேரணி உரையில் குறைபட்டுக்கொண்டார். இவரை ஆங்கில வகுப்புக்கு அனுப்ப வேண்டும் என்றார். நான்கே ஆண்டுகளில் அதே சிங்லிஷ் நாட்டுக்குத் தேவைப்பட்டது!

காரணம் சார்ஸ். 238 பேரைத் தொற்றிய அந்நோய் 33 பேரைப் பலி வாங்கியது. மருத்துவர்களும் தாதியரும் அதில் அடக்கம். தடுப்பூசி கிடையாது, குணமாக்கும் மருந்தும் கிடையாது. மக்கள் நடந்துகொள்ளும் விதம்தான் மருந்து. அப்போது வந்தது புவா சூ காங்கின் ராப் பாட்டு. கண்ட இடத்தில் துப்பாதே, கையைக் கழுவு, காய்ச்சலோடு வேலைக்குப் போய் வீரம் காட்டாதே என்று காப்பிக் கடை மொழியில் சொன்னார். சார்ஸ் தகவலுக்கென்றே தனி ஒளிவழி ஒன்றும் அந்த ஆண்டு தொடங்கப்பட்டது. ஆனால் இன்றும் பலர் நினைவில் நிற்பது பாட்டுதான்.

என்ன செய்ய வேண்டும் என்பதைப் பாட்டு சொல்லிவிடும். ஏன் என்பதைச் சொல்ல அதில் இடம் இருக்காது. பள்ளிப் பிள்ளைகளுக்கு வெப்பமானி கொடுத்து, தினமும் இருமுறை உடல் வெப்பநிலை பார்க்கச் சொன்னார்களே, ஏன்? சார்ஸ் கிருமி பெரும்பாலும் காய்ச்சல் வந்த பிறகே மற்றவருக்குத் தொற்றும். இரண்டாம் வாரத்தில்தான் அதிகமாக வெளிப்படும். ஆகவே காய்ச்சல் கண்டவரை உடனே பிரித்து வைத்தால் சங்கிலி அறுந்துவிடும். தொடர்பில் இருந்தவர்களுக்கு 10 நாள் வீட்டுத் தனிமை. கிருமி புகுந்து நோயாக வெளிப்பட அவ்வளவு நாள் ஆகலாம் என்பதே கணக்கு. இந்தக் கணக்கை அறியாதவருக்கு அந்த உத்தரவு வீட்டுச் சிறையாகத்தான் தோன்றும். மீறி வெளியே போனவர்களும் உண்டு. வீட்டில் கேமரா வைத்துக் கண்காணிக்கவேண்டி வந்தது.

காரணம் தெரியாமல் மனப்பாடம் செய்த பாடம் 2020ல் நம்மைக் குழப்பியது. கொவிட்-19 கிருமி, அறிகுறி தெரியும் முன்பே பரவக்கூடியது. வெப்பமானி மட்டும் போதாது. உடம்பு சரியில்லாதவர் மட்டும் முகக்கவசம் அணிந்தால் போதும் என்று தொடக்கத்தில் சொன்னார்கள். ஏப்ரல் மாதம் அதுவே எல்லாருக்கும் கட்டாயமானது. "முன்னே ஒன்று, பின்னே ஒன்று சொல்கிறார்களே!" என்று பலர் சலித்துக்கொண்டார்கள். கிடைத்த ஆதாரம் மாறியது, ஆலோசனையும் மாறியது. அதை யாராவது பொறுமையாக விளக்கியிருந்தால் பாதிச் சலிப்பு குறைந்திருக்கும் என்பது என் எண்ணம்.

2021 மே மாதம் புவா சூ காங் மீண்டும் வந்தார், இம்முறை தடுப்பூசிப் பாட்டோடு. பேரப்பிள்ளை அதைப் பாடிக் காட்டலாம். "ஊசி போட்ட மறுநாள் ஏன் காய்ச்சல் வருகிறது?" என்று தாத்தா கேட்டால் பாட்டில் பதில் இல்லை. அவர் உடலுக்குள் காவற்படை பயிற்சி எடுக்கிறது, அந்தச் சூடுதான் அது. காய்ச்சல் வராதவருக்கும் பயிற்சி நடக்கத்தான் செய்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் சொல்ல வேண்டும்.