கண்ணை மூடிவிட்டது யார்?

பழைய ஐரோப்பாவில் நரபலி இருந்ததான்னு தேட ஆரம்பிச்சா, முதல்ல வந்து நிற்கிறவர் ஜூலியஸ் சீசர்தான். இன்றைய பிரான்ஸ் பகுதியில் வாழ்ந்த காலியர்கள், சுள்ளிகளால் பெரிய உருவம் பின்னி, உள்ளே உயிருள்ள மனிதர்களை அடைத்துக் கொளுத்துவார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். ஆனா அவர் அந்த நாட்டைப் பிடிக்கப் போன தளபதி. எதிராளி சாட்சியை எவ்வளவு தூரம் நம்புறது?

அவங்க ஊர்க் கதையும் சுத்தமில்லை. கி.மு. 216-ல் கன்னே போரில் ஹானிபலிடம் ரோமப் படை அழிந்தது. பயந்துபோன ரோமானியர்கள் தங்கள் புனித நூல்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒரு காலிய ஆணையும் பெண்ணையும், ஒரு கிரேக்க ஆணையும் பெண்ணையும் மாட்டுச்சந்தையில் உயிரோடு புதைத்தார்கள். இதைச் சொல்பவர் லிவி, ரோமானிய வரலாற்றாசிரியரேதான். நரபலி கூடாதுன்னு செனட் தீர்மானம் போட்டது கி.மு. 97-ல், அப்போ சீசர் சின்னப் பையன்!

அதனால எனக்கு எழுத்தைவிட உடல்கள் மேல நம்பிக்கை. 1950 மே மாதம் டென்மார்க்கில் சில்க்போர்க் அருகே, அடுப்பெரிக்கச் சதுப்பு மண் வெட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு ஓர் ஆண் பிணம் கிடைத்தது. புதுக் கொலைன்னு நினைச்சு போலீசைக் கூப்பிட்டாங்க. அந்த ஆள் செத்து சுமார் 2,400 வருஷம் ஆகியிருந்தது. சதுப்பு நீரின் அமிலமும் ஆக்சிஜன் இல்லாமையும் தோலை அப்படியே பதப்படுத்திவிட்டன. முகவாயில் முள்முள்ளாய்த் தாடி தெரியும். தலையில் தோல் தொப்பி, இடுப்பில் வார், கழுத்தில் தோல் கயிறு. வயிற்றில் கடைசியாகக் குடித்த பார்லிக் கஞ்சி. டோலுண்ட் மனிதன் என்று பெயர் வைத்தார்கள்.

தூக்குத் தண்டனையா இருக்கலாமே? கோழைகளைச் சேற்றில் அமுக்கிக் கொல்வார்கள் என்று ஜெர்மானியர்களைப் பற்றி டாசிட்டஸ் எழுதுகிறார். ஆனா அவரும் ரோமானியர். எழுதியது சுமார் 500 வருஷம் கழிச்சு. அதே நூலில், ஒரு தெய்வத்தின் வண்டியைக் கழுவிய அடிமைகளை ஏரியில் மூழ்கடிப்பார்கள் என்றும் சொல்கிறார். ரெண்டு பக்கமும் வாதாடலாம்.

கயிறு எதையும் தீர்க்காது. என்னை நிறுத்தியது முகம். கண்ணும் வாயும் மூடியிருக்கு. தூக்கில் தொங்கியவன் முகம் தானாக அப்படி அமைதியாகாது. யாரோ இறக்கி, மூடி, குழந்தை தூங்குற மாதிரி ஒருக்களித்துப் படுக்க வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் அங்கே செத்தவர்களை எரிப்பதுதான் வழக்கம். இவனை மட்டும் எரிக்கவில்லை. குற்றவாளியை வீசி எறிந்த மாதிரி எனக்குத் தோணலை. கொடுத்த மாதிரி இருக்கு.

இன்று சில்க்போர்க் அருங்காட்சியகத்தில் இருப்பதில் தலைதான் அசல். 1950-ல் முழு உடலையும் காப்பாற்ற வழி தெரியாமல் தலையை மட்டும் பதப்படுத்தினார்கள். உடலின் பெரும்பகுதி பின்னால் செய்து சேர்த்தது.