சாயத் தண்ணீருக்குச் சாணிப்பால் வைத்தியம்

உள்ளே விட்டுவிட்டார்கள்! திருப்பூர் சாயக்கழிவுநீர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றை உள்ளே புகுந்து பார்க்க வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை. கேட்டில் பெயர் எழுதியதும் தலையில் ஒரு மஞ்சள் ஹெல்மெட் ஏறியது. "பாத்து வாங்க அம்மணி, வழுக்கும்" என்று ஷிப்ட் ஆபரேட்டர் அண்ணன் முன்னால் நடக்கிறார். நீங்களும் கூடவே வாருங்கள்.

முதல் நிறுத்தம், சாயப்பட்டறைகளின் தண்ணீரெல்லாம் குழாய் வழியே வந்து கலக்கும் பெரிய தொட்டி. கைப்பிடிக் கம்பியில் சாய்ந்தால் முகத்தில் வெதுவெதுப்பாக ஆவி அடிக்கிறது. எனக்குத் தெரிவது ஒரே கருநீலம். அண்ணனோ எட்டிப் பார்த்துவிட்டு, "உள்ளுக்குள்ள சிவப்பு ஓடுதுங்க. வெளிநாட்டுல கிறிஸ்துமஸ் வருதுன்னு எங்களுக்கு மாசக்கணக்கா முன்னாடியே தெரிஞ்சுடும்" என்கிறார். உலகம் அடுத்து என்ன நிறம் உடுத்தப் போகிறது என்பது இந்தத் தொட்டிக்கரையில் நிற்பவருக்குத் தெரிகிறது!

அடுத்து ஏரேஷன் டேங்க். காற்றை ஊதும் பிளோயர் இரைச்சலில் பேச்சு எடுபடாது, எல்லாம் கைஜாடைதான். கட்டைவிரலை உயர்த்தினால் நுரை சரி, உள்ளங்கையைக் கவிழ்த்தால் வால்வைக் குறை. பழுப்புக் குழம்பு கொதிப்பதுபோல் புரள்கிறதே, அது முழுக்க உயிர். கோடானுகோடி பாக்டீரியாக்கள் கழிவைத் தின்றுகொண்டிருக்கின்றன. அவற்றுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்க்கிற முறை ரொம்ப எளிது. ஒரு லிட்டர் கண்ணாடி ஜாரில் மொண்டு வைத்து, 30 நிமிடத்தில் சகதி எவ்வளவு கீழே படிகிறது என்று பார்க்கிறார்கள். மேலே தெளிந்திருந்தால் அன்றைக்கு ஷிப்ட் நிம்மதி. அந்த அரை மணி நேரமும் யாராவது ஒருவர் ஏதோ சாக்கில் ஜாரைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் நகர்கிறார்.

இந்தக் கவலைக்குக் காரணம் இருக்கிறது. ஒரு ராத்திரி, எங்கிருந்தோ ஒரு மூச்சு பிளீச்சிங் கழிவு நேராக உள்ளே வந்துவிட்டதாம். விடியும்போது தொட்டி முழுக்க வெள்ளை நுரை, மூக்கைக் குத்தும் நெடி, ஜாரில் எதுவும் படியவில்லை. "அத்தனையும் செத்துப் போச்சுங்க" என்று சொல்லும்போது அண்ணன் குரல் இன்றும் இறங்குகிறது. பட்டறைகளுக்குப் போன் பறந்தது, வரத்தை நிறுத்தினார்கள்.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். வேறொரு நிலையத்திலிருந்து லாரியில் உயிருள்ள சகதி வந்தது. பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மாட்டுச் சாணி வந்தது. டிரம் டிரம்மாகக் கரைத்து, வடிகட்டத் துணி தேடியபோது கைக்குக் கிடைத்தது என்ன? பனியன் கட்டிங் வேஸ்ட்! திருப்பூரில் அதற்கா பஞ்சம்? சாணிப்பாலோடு வெல்லக் கரைசல், யூரியா, டி.ஏ.பி. என்று நோயாளிக்கு ஊட்டுகிற பக்குவத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார்கள். வெல்ல மூட்டையில் இரண்டு அச்சு குறைந்ததற்கு வாட்ச்மேன் அண்ணனை இன்றுவரை விடாமல் கிண்டல் செய்கிறார்கள். அவரும் சளைக்காமல், "நானும் இந்த பிளான்ட்டுல ஒரு உசுருதானே?" என்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் லேப்பில். தினமும் ஒரு சொட்டு எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்த லேப் தங்கச்சி, ஒரு காலை "வந்துடுச்சு!" என்று கத்தியிருக்கிறார். மெல்லிய காம்பின் நுனியில் மணி வடிவத்தில் ஓர் ஒற்றைச் செல் உயிரி, சுருங்கி நிமிர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. இது தென்பட்டால் தொட்டி தேறிவருகிறது என்று அர்த்தம். பிட்டர், எலக்ட்ரீஷியன், கூட்டிப் பெருக்கும் அக்கா வரை வரிசையில் நின்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார்களாம். தங்கச்சி எனக்கும் காட்டினார். ஆடுகிறது! நிஜமாகவே ஆடுகிறது!

விஷம் புகுந்து ஒரு சுத்திகரிப்பு நிலையம் படுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் லூயிவில் நகரம் சாட்சி. 1977 மார்ச்சில் அங்கே பூச்சிமருந்துத் தயாரிப்பில் பயன்படும் ரசாயனத்தை யாரோ சாக்கடையில் கொட்டினார்கள். ஊழியர்கள் கண்ணெரிச்சலும் தொண்டை வலியுமாகச் சாய, நிலையத்தையே மூட வேண்டியதாயிற்று. ஊர்க்கழிவு மாதக்கணக்கில் அப்படியே ஒஹையோ ஆற்றில் ஓடியது.

திருப்பூருக்கும் தனிக் காயம் உண்டு. பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயநீர் தேங்கியதால், நொய்யல் ஆற்றுப் பகுதி விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் எழுநூற்றுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உத்தரவிட்டது. சொட்டுக்கூட வெளியே விடாத முறை வந்த பிறகே மீண்டும் திறக்க முடிந்தது. விவசாயிகள் கேட்டது நியாயம். அந்த வழக்கு இல்லாமல் இந்தத் தொட்டிகளுக்கு இவ்வளவு கவனிப்பு கிடைத்திருக்காது.

ஆர்.ஓ. கூடத்தை வேகமாகக் கடக்கிறோம். அடுக்கடுக்காக வெள்ளைக் குழாய்கள், தரையில் சுருண்ட ஹோஸ், மூலையில் ஜோடி இல்லாத ஒரு கம்பூட். கன்ட்ரோல் பேனல் நெற்றியில் ஆயுத பூஜைச் சந்தனம் இன்னும் காய்ந்து ஒட்டியிருக்கிறது, அதன் கீழே வரிசையாகச் சோற்று டப்பாக்கள்.

தண்ணீரை ஆவியாக்கும் எவாபரேட்டர் பக்கம் போனால் நின்ற இடத்திலேயே சட்டை நனைகிறது. அங்கே எட்டு மணி நேரம் நிற்கும் தம்பியின் தோளில் பிழிந்து பிழிந்து போடும் துண்டு ஒன்று. கடைசி வாயிலில் அவர் ஒரு கைப்பிடி அள்ளிக் காட்டினார். பளபளவென்று வெள்ளை உப்பு! சாயம் ஏற்றப் போட்ட அதே சோடியம் சல்பேட், தண்ணீரிலிருந்து பிரிந்து மறுபடி பட்டறைக்கே போகிறது. தண்ணீரிலும் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தெளிந்து, குழாய் வழியே அதே பட்டறைகளுக்குத் திரும்புகிறது. மிச்சமாகும் சகதி மட்டும் ஷெட்டில் மூட்டை மூட்டையாகக் குவிந்து, சிமென்ட் ஆலை லாரிக்குக் காத்திருக்கிறது. அந்தக் குவியலை நினைத்தால் அண்ணனுக்குக் கவலைதான்.

டீ வந்தது. ஷிப்ட் மாறும் நேரம். இறங்குகிறவர் ஏறுகிறவரிடம் முதலில் சொன்னது ஜாரில் சகதி எவ்வளவு படிந்தது என்பதைத்தான். வீட்டுச் சேதியெல்லாம் அப்புறம்.

திருப்பூர், கரூர், வாணியம்பாடி என்று நம் தொழில் ஊர்களில் இப்படிப்பட்ட நிலையங்கள் இருக்கின்றன. கல்லூரிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, முன்கூட்டி அனுமதி கேட்டுப் போய்வாருங்கள். வழுக்காத செருப்பு அவசியம். லேப்பில் மைக்ரோஸ்கோப்பைக் காட்டச் சொல்லிக் கேட்க மறந்துவிடாதீர்கள்.