வெடியும் விலங்கும் – 17: ஆள் ஏறாத பெட்டி

மீனம்பாக்கம் விமான நிலையத்தில் 1984 ஆகஸ்ட் 2 இரவு வெடித்தது கொழும்புக்குப் போயிருக்க வேண்டிய பெட்டி. டிக்கெட் எடுத்தவர் ஏர் லங்கா கவுண்டரில் பெட்டிகளைக் கொடுத்தார், லக்கேஜ் சீட்டு வாங்கினார், அத்தோடு காணாமல் போனார். ஆளும் ஏறவில்லை, பெட்டிகளும் ஏறவில்லை. அவை நிலையத்துக்குள்ளேயே ஒதுக்கி வைக்கப்பட்டன. குண்டு இருக்கிறது, அப்புறப்படுத்துங்கள் என்று தொலைபேசியில் எச்சரிக்கை வந்தது. ஏதோ கடத்தல்காரன் தன் சரக்கை மீட்கப் போடும் நாடகம் என்ற சந்தேகத்தில் நேரம் போனதாகச் சொல்வார்கள். தங்கம் பிடிபடுவதே பெரிய செய்தியாக இருந்த காலத்தில் அப்படித் தோன்றியதில் வியப்பில்லை. மணி பதினொன்றை நெருங்கும்போது கட்டடம் இடிந்து விழுந்தது. 33 பேர் இறந்தனர். பெரும்பாலோர் ஊர் திரும்பக் காத்திருந்த இலங்கைப் பயணிகள்.

தடா என்ற பயங்கரவாத, சீர்குலைவு நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம் பிறந்த கதை சென்ற வாரத்தோடு முடிந்தது; இந்த வாரம் பூந்தமல்லி தனி நீதிமன்றம் என்று அறிவிப்பும் ஆயிற்று. ஆனால் இந்தத் தொடர் மீனம்பாக்கத்தைத் தாண்டாமல் பூந்தமல்லிக்குப் போக முடியாது.

பெட்டியை அனுப்பியதாகக் குற்றம் சாட்டப்பட்டது பனாகொடை மகேஸ்வரன் தலைமையில் இயங்கிய தமிழீழ இராணுவம் என்ற சிறு குழு. குறி கொழும்பு; செத்தது சென்னையில். குழு எங்கிருந்து முளைத்தது என்பதற்கு நெடுந்தூரம் போக வேண்டாம். இலங்கையில் 1979-இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. மூன்றே ஆண்டுகளுக்கு என்று சொல்லிக் கொண்டுவந்ததை 1982-இல் நிரந்தரமாக்கினார்கள். அமைச்சரின் உத்தரவின் பேரில் ஒருவரை விசாரணையில்லாமல் 18 மாதம் வரை அடைத்து வைக்க முடிந்தது. அப்படி அடைக்கப்பட்டவர்கள் உட்பட 53 தமிழ்க் கைதிகள் 1983 ஜூலை 25, 27 தேதிகளில் வெலிக்கடைச் சிறைக்குள்ளேயே கொல்லப்பட்டனர். அரசின் காவலில் இருந்தவனுக்கே உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று ஆனபின், இயக்கங்களுக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. கப்பலேறி வந்த இளைஞர்களுக்கு இங்கே பயிற்சியும் பணமும் கிடைத்தன, இந்திய உளவுத்துறையின் கை உட்பட. மீனம்பாக்கம் வெடிப்பைக் காரணமே இல்லாத கொடூரம் என்று எழுதுவதும் தவறு, காரணம் இருந்ததால் மன்னிக்கத்தக்கது என்று எழுதுவதும் தவறு. பெட்டி வைத்தவர்கள் யாருடைய பெயரைச் சொல்லி வைத்தார்களோ அந்த மக்களும் போய்வந்த நிலையம் அது.

இனிப் பெட்டி. பயணி ஏறாமல் பெட்டி மட்டும் கிடக்கிறது என்பதே ஓர் எச்சரிக்கை. 1984-இல் அதைக் கண்டவர்களுக்கு அது சுங்கச் சிக்கலாகத்தான் பட்டது. பதினோரு மாதம்கூட ஆகவில்லை, 1985 ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் கனிஷ்கா அட்லாண்டிக் கடலுக்கு மேல் சிதறியது, 329 பேர். அங்கும் இதே வித்தைதான். வான்கூவர் கவுண்டரில் ஒருவர் பெட்டியை நேரே டெல்லிக்குச் சீட்டு ஒட்டச் சொல்லி விடாமல் தர்க்கம் செய்தார். பின்னால் நின்ற வரிசை நீண்டது. ஊழியர் சலித்துப்போய் ஒப்புக்கொண்டார். பெட்டி போயிற்று, ஆள் போகவில்லை. அதே நாளில் டோக்கியோவின் நரிட்டா நிலையத்தில் இன்னொரு ஆளில்லாப் பெட்டி வெடித்து, சுமை இறக்கும் தொழிலாளர் இருவரைக் கொன்றது. இத்தனைக்கும் பிறகுதான், ஏறாத பயணியின் பெட்டியை இறக்கிவிட்டே விமானம் புறப்பட வேண்டும் என்பது அனைத்துலக விதியாக இறுகியது. இன்று சென்னையில் யாரோ ஒருவர் ஏறாததால் அரை மணி நேரம் தாமதம் என்ற அறிவிப்பைக் கேட்டுப் பயணிகள் முணுமுணுக்கிறார்களே, அந்த அரை மணியில் நடப்பது இந்தப் பெட்டி தேடும் வேலைதான்.

இந்த விதியால் யாருடைய உரிமை பறிபோனது? ஒருவருடையதும் இல்லை. எண்ணிப் பார்க்க ஒரு பட்டியலும் பொறுமையும் போதும். பாதுகாப்பா சுதந்திரமா என்று தராசு பிடிப்பவர்கள் பெரும்பாலும் இந்த வகைப் பாதுகாப்பைத் தட்டில் வைப்பதே இல்லை. சட்டசபையிலும் நாடாளுமன்றத்திலும் மேசை தட்டி வரவேற்கப்படுவது வேறு வகை.

அந்த வேறு வகைக்கு எடுத்துக்காட்டு, காவல் அதிகாரியிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலம். வெள்ளைக்காரன் 1872-இல் எழுதிய சாட்சியச் சட்டமே, போலீஸிடம் சொன்ன ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது என்றது. தன் போலீஸை அவனுக்கு நன்றாகத் தெரியும். இலங்கையின் 1979 சட்டம் உதவிப் போலீஸ் கண்காணிப்பாளர் முன் சொன்னால் செல்லும் என்று அதைப் புரட்டியது. எட்டு ஆண்டு கழித்து 1987-இன் தடா, போலீஸ் சூப்பிரண்டு முன் சொன்னால் செல்லும் என்றது. தமிழனை வதைக்கிறது என்று இங்கே கண்டிக்கப்பட்ட அதே விதி, பதவியில் மட்டும் ஒரு படி உயர்ந்து இங்கேயே வந்து உட்கார்ந்தது. இதுவும் தற்காலிகச் சட்டம்தான். நீட்டித்து நீட்டித்து 1995 மே வரை இருந்தது. கைதானவர்கள் எழுபதாயிரத்தைத் தாண்டினார்கள், தண்டனை பெற்றவர்கள் மிகச் சொற்பம்.

அந்த வாக்குமூல விதி என்ன செய்யும் என்பதற்கு ராஜீவ் காந்தி கொலை வழக்கே சான்று. 1998 ஜனவரி 28 அன்று பூந்தமல்லி நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்தது; தடாக் குற்றம் பொருந்தாது என்றும் சொன்னது. ஆனால் தடாவின் கீழ் எடுத்த வாக்குமூலங்கள் மட்டும் செல்லும் என்றது. குடை விலகியது, நிழல் நின்றது. விடுவிக்கப்படாதவர்களில் ஒருவரான, கைதானபோது 19 வயதான பேரறிவாளனுக்கு எதிரான முக்கியச் சான்று, இரண்டு 9 வோல்ட் பேட்டரி வாங்கித் தந்ததாகச் சொன்ன வாக்குமூலம். அதை எழுதிய சிபிஐ அதிகாரி வி. தியாகராஜன் ஓய்வுபெற்றபின் 2013-இல் வெளிப்படுத்தினார்: பேட்டரி எதற்கென்று தெரியாது என்று பேரறிவாளன் சொன்ன பகுதியைத் தான் எழுதாமல் விட்டதாக. விடுதலை வந்தது 2022 மே 18-இல்.

மீனம்பாக்கத்துக்கு இன்னொரு தேதியும் உண்டு: 2002 ஜூலை 11. அமெரிக்காவிலிருந்து திரும்பிய மதிமுக பொதுச் செயலாளர் வைகோ, நாடாளுமன்ற உறுப்பினராக இருக்கும்போதே, அங்கே பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் கைதானார். திருமங்கலம் பொதுக்கூட்டத்தில் விடுதலைப் புலிகளை ஆதரித்துப் பேசியது குற்றம். நான்கே மாதத்துக்கு முன் அந்தச் சட்டம் நாடாளுமன்றக் கூட்டுக் கூட்டத்தில் நிறைவேறியபோது, ஆளும் கூட்டணியில் இருந்த மதிமுகவும் ஆதரித்தது. ஏறக்குறைய 19 மாதம் வேலூர்ச் சிறை. அவர் உள்ளே இருந்தபோதே, 2003 டிசம்பர் 16 அன்று, குற்றத்துக்கு உதவும் நோக்கமில்லாத வெறும் ஆதரவுப் பேச்சு பொடாவில் வராது என்று உச்ச நீதிமன்றம் விளக்கம் தந்தது. 2004-இல் பொடா நீக்கப்பட்டு, அதன் பெரும்பகுதி சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்துக்குள் குடியேறியது. வாக்குமூல விதி மட்டும் வரவில்லை. ஜாமீனை இறுக்கும் விதி, மும்பைத் தாக்குதலுக்குப் பின் 2008 டிசம்பரில் சேர்ந்துகொண்டது.

பூந்தமல்லி அடுத்த வாரம். இடம் இருந்தால், தாம்பரத்துக்குத் தெற்கே செங்கல்பட்டில் இலங்கை அகதிகளை வெளிநாட்டினர் சட்டத்தின் கீழ் அடைத்து வைத்த சிறப்பு முகாமும்.