அங்கன்வாடியும் நம் கைக்குழந்தைகளும்

மைசூரில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களில் இளந்தாய்மார் பலருக்கு ஓர் ஐயம் உண்டு. தெருக்கோடியிலுள்ள அங்கன்வாடியில் குழந்தைகளுக்கு உணவளிக்கிறார்களே, அது கன்னடம் பேசும் இவ்வூராருக்கு மட்டுமா, நம் வீட்டுக் குழந்தைக்கும் உண்டா என்பதே அது. உண்டு. ஆறு வயது நிறையாத எல்லாக் குழந்தைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும் இத்திட்டம் சென்று சேரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் நாள் ஆணையிட்டது. 2013இல் இயற்றப்பட்ட தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதனை உரிமையாகவே எழுதிவைத்தது. சாதியோ மொழியோ இதற்குத் தடையன்று. ஆயினும் கைக்குழந்தையைப் பொறுத்தவரை அவ்வுரிமை எவ்வடிவில் வீடு வந்து சேருகிறது என்பதை அறியாவிடில், அதன் பயன் பாதியாய்க் குறைந்துவிடும்.

மைசூருக்கும் இத்திட்டத்துக்கும் பழைய தொடர்பு உண்டு. 1975 அக்டோபர் 2ஆம் நாள் பாரத நாட்டில் 33 இடங்களில் இது முதன்முதலாகத் தொடங்கப்பட்டது. அவற்றுள் ஒன்று நம் மாவட்டத்துத் தி. நரசீபுரம். காவிரியும் கபினியும் கூடும் அத்தலத்துக்கு நீராடச் சென்ற அன்பர்கள் நம்மிடையே பலர் இருப்பர்; இச்செய்தியை அறிந்தவர் சிலரே இருக்கக்கூடும்.

இரயில்வே அலுவலகத்தில் நாள்தோறும் விதிகளோடு புழங்கும் பழக்கத்தால், இத்திட்டத்தின் விதிகளையும் சற்று ஊன்றிப் படித்தோம். குழந்தையின் வயதுக்கேற்ப அவை மூன்றாகப் பிரிகின்றன. பிறந்தது முதல் ஆறு மாதம் வரை குழந்தைக்கென்று ஏதும் தரப்படுவதில்லை. இதைக் குறையென்று கருதலாகாது. அக்காலத்தில் தாய்ப்பால் ஒன்றே போதும், தண்ணீர்கூட வேண்டுவதில்லை. பிறந்த குழந்தையின் நாவில் சேனை வைக்கும் வழக்கத்தை நம் பாட்டிமார் இன்னும் விட்டபாடில்லை. சர்க்கரைத் தண்ணீராயினும் தேனாயினும் அது ஆகாது என்பதே மருத்துவர்களின் கருத்து. தேனை ஒரு வயது நிறையும்வரை தொடவே கூடாது. அந்த ஆறு மாதத்துக்கான உணவு தாய்க்கே செல்லுகிறது. அவளுக்கு நாளொன்றுக்கு 600 கலோரி கூடுதலாகத் தரவேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் குறித்தது. கர்நாடக அரசும் 2017 அக்டோபர் 2 முதல் 'மாத்ருபூர்ண' என்னும் பெயரில் தாய்மாருக்கு அங்கன்வாடியிலேயே சூடான மதிய உணவளிக்கும் திட்டத்தைத் தொடங்கியது.

மூன்று வயது முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகள் மையத்துக்கே வந்து, காலையில் சிற்றுண்டியும் நண்பகலில் சமைத்த உணவும் உண்கின்றனர். இடைப்பட்ட பருவத்தினருக்கு, அதாவது ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை, உணவு வீட்டுக்குக் கொடுத்தனுப்பப்படுகிறது. இரு சாராருக்கும் நாளொன்றுக்கு 500 கலோரியும் 12 முதல் 15 கிராம் வரை புரதமும் என்பது அச்சட்டத்தின் கணக்கு. 2023இல் அதைத் திருத்தியபோது, வைட்டமின்களையும் தாதுச் சத்துக்களையும் சேர்த்துக்கொண்டார்கள்.

நாம் கவனிக்கவேண்டிய இடம் இதுதான். பார்சல் அலுவலகத்தில் சரக்கை ஒப்படைத்துக் கையொப்பம் பெற்றுவிட்டால் நம் பொறுப்பு முடிந்தது. உள்ளிருந்த மாம்பழத்தை யார் தின்றார் என்று நாம் கேட்பதில்லை. கைக்குழந்தையின் ஆகாரமும் ஏறக்குறைய அப்படியே. பதிவேட்டில் வரவு வைக்கப்பட்ட மாவு, வீட்டிலே அண்ணனுக்கு உருண்டையாகவும், அக்காளுக்குப் பலகாரமாகவும், சில நாட்களில் பெரியவர்களுக்குக் கஞ்சியாகவும் ஆகிவிடுகிறது. யாரையும் குறைசொல்ல இதைக் கூறவில்லை. நாலு பேர் பசித்திருக்கும் வீட்டில் ஒரு குழந்தைக்கு மட்டும் பொட்டலத்தைப் பூட்டிவைப்பது எந்தத் தாய்க்கும் எளிதன்று. ஆயினும் பெரிய பிள்ளை தட்டில் உள்ளதை எடுத்துத் தின்னும். எட்டு மாதக் குழந்தை வாய்திறந்து கேட்கமாட்டாது.

அந்தக் குழந்தையின் வயிறோ மிகச் சிறியது. மாவைத் தண்ணீராய்க் கரைத்துக் கொடுத்தால் வயிறு நிரம்பும், சத்து சேராது. கெட்டியாய்க் கொடுத்தால் விழுங்கத் திணறும். இந்தச் சிக்கலை ஆராய்ந்தவர்கள் நம் ஊரிலேயே இருந்தார்கள் என்பது நமக்குப் பெருமை. 1950இல் செலுவாம்பா மாளிகையில் நிறுவப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநர் டாக்டர் வி. சுப்பிரமணியன் அவர்கள். அவர் காலத்தில்தான் எருமைப் பாலிலிருந்து குழந்தை உணவுப் பொடி செய்யும் முறை இங்கே கண்டறியப்பட்டது. ஆனந்த் நகரத்துக் கூட்டுறவினர் அதனை அமுல் என்னும் பெயரில் நாடெங்கும் பரப்பினர். பிற்காலத்தில் இவ்வகைப் பால்பொடி தாய்ப்பாலுக்கு இடையூறாகாதபடி, 1992ஆம் ஆண்டுச் சட்டம் அதன் விளம்பரத்தைத் தடுத்தது. அது நிற்க.

அதே நிலையத்தார் முளைவிட்ட கேழ்வரகைப் பற்றியும் ஆராய்ந்தனர். முளைக்கும் தானியத்தில் மாவுச்சத்தை உடைக்கும் நொதி பெருகுகிறது. ஆகவே கெட்டியாகக் காய்ச்சிய கஞ்சி கொதியடங்கிய சூட்டிலிருக்கும்போது அந்த மாவில் ஒரு சிறு கரண்டி கலந்தால், தண்ணீர் சேர்க்காமலே கஞ்சி இளகிவிடுகிறது. சத்துக் குறைவதில்லை, குழந்தையும் எளிதில் விழுங்கும். செய்முறை நம் தாய்மாருக்குப் புதிதன்று. கேழ்வரகை இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி, ஓரிரு நாளில் முளைத்ததும் உலர்த்தி, இளஞ்சூட்டில் வறுத்து, முளையைத் தேய்த்தெடுத்து அரைக்கவேண்டும். கருக வறுத்துவிட்டால் நொதி கெட்டுவிடும். அந்த ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். அங்கன்வாடி மாவில் காய்ச்சிய கஞ்சியிலும் இதைச் சேர்க்கலாம்.

அளவையும் கூறிவிடுகிறோம். ஆறு மாதம் நிறைந்தவுடன் இரண்டு மூன்று கரண்டியில் தொடங்கி, எட்டு மாதத்துக்குள் வேளைக்கு அரைக் கிண்ணமாக்கலாம். ஒன்பது மாதம் முதல் நாளுக்கு மூன்று நான்கு வேளை. தாய்ப்பாலை இரண்டு வயது வரையிலும், அதற்கு மேலும் தொடரலாம்.

இவ்வளவும் தாய் வீட்டிலிருந்தால்தானே? தருமபுரியிலிருந்தும் சேலத்திலிருந்தும் கட்டட வேலைக்கு வந்திருக்கும் பெண்டிர் காலையில் போனால் மாலையில்தான் திரும்புவர். அங்கன்வாடியில் பணியாளர் ஒருவர், உதவியாளர் ஒருவர். அவர்கள் முப்பது குழந்தைகளைப் பார்ப்பார்களா, தவழும் குழந்தைக்கு ஊட்டுவார்களா? முடிவில் ஒன்பது வயதுப் பெண் பள்ளியை விட்டுத் தம்பியை இடுப்பில் சுமக்கிறாள். மாவுப் பொட்டலத்தோடு விதி நின்றுவிடுவதன் விலை இது. ஐம்பது பேருக்குக் குறையாமல் வேலைசெய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும், தாய் நாளைக்கு நான்கு முறை அங்கே செல்லலாம் என்று 2017இல் சட்டம் வந்தது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது உள்ளது. 'பால்னா' திட்டத்தில் அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகத்துக்கும் வழியுண்டு. ஆறு மாதக் குழந்தையையும் அங்கே ஏற்பர். ஆயினும் கேட்பவர் இல்லாத இடத்துக்கு அது தானாக வந்துவிடாது. இதைத் தனியொருத்தி கேட்பது கடினம். ஒரு தெருவிலுள்ள பத்துத் தாய்மார் சேர்ந்து எழுத்தில் கேட்பது வேறு. மனுவைக் கன்னடத்தில் எழுதித் தர நம்மில் எழுத்தறிந்தவர்கள் முன்வரவேண்டும்.

பெயர் பதியத் தாயின் ஆதார் அட்டையும் கைப்பேசி எண்ணும் கொண்டு செல்லுங்கள். குழந்தையின் ஆதார் இல்லையென்று திரும்பவேண்டியதில்லை. 2025 ஜூலை முதல் வீட்டுக்கு உணவு பெறுபவரின் முகத்தைப் படம்பிடித்துச் சரிபார்க்கிறார்கள், அதற்கும் அஞ்சவேண்டாம். தமிழ்நாட்டில் ஏற்கெனவே பதிந்திருந்தால் அதையும் பணியாளரிடம் சொல்லி, இவ்வூருக்கு மாற்றித் தரும்படி கேளுங்கள்.

மாதந்தோறும் குழந்தையை எடைபோடச் சொல்லுவதும் உங்கள் உரிமையே. 'மகுவின தூக எஷ்டு?' என்று கேட்டால் எடையைச் சொல்வார்கள். அதை வீட்டு நாட்காட்டியில் குறித்துவையுங்கள். இரண்டு மாதம் எடை ஏறாமல் நின்றால், மூன்றாம் மாதம்வரை காத்திராமல் மருத்துவமனைக்குக் குழந்தையை எடுத்துச் செல்லவேண்டும்.