கடல் தூண்டில் மீன்பிடிப்பு

கடல் தூண்டில் மீன்பிடிப்பு என்பது கரையிலோ படகிலோ இருந்து தூண்டில் மூலம் கடல் மீன்களைப் பிடிப்பதாகும். கடற்கரை இல்லாத திண்டுக்கல் போன்ற மாவட்டங்களில் குளங்களிலும் கண்மாய்களிலும் விரால், ஜிலேபி, கெளுத்தி ஆகியவற்றைப் பிடித்தே பலர் தூண்டில் போடப் பழகுகின்றனர். அவர்கள் கடலுக்குச் செல்லும்போது கருவிகளை மாற்றுவதைவிடக் காற்றையும் அலையையும் அறிந்துகொள்வதே முதன்மையானது.

இடமும் பருவமும்

திண்டுக்கல்லில் இருந்து மதுரை, இராமநாதபுரம் வழியாக மண்டபம் பகுதியை அடையலாம். இங்கு குறுகிய நிலப்பகுதியின் வடக்கே பாக்கு விரிகுடாவும் தெற்கே மன்னார் வளைகுடாவும் உள்ளன. ஆழம் குறைந்து அமைதியாக இருக்கும் வடகடலை மீனவர்கள் பெண் கடல் என்றும், அலை மிகுந்த தென்கடலை ஆண் கடல் என்றும் அழைக்கின்றனர். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் சூன் முதல் செப்டம்பர் வரை தென்கடல் கொந்தளிப்பாக இருக்கும். வடகிழக்குப் பருவக்காற்றின்போது வடகடல் கொந்தளிக்கும். எனவே காற்று நிலத்தில் இருந்து கடலை நோக்கி வீசும் பக்கத்தைத் தேர்ந்தெடுப்பது புதியவர்களுக்கு எளிது. ஆனால் அக்காற்றில் மிதவை, சிறு படகு ஆகியவை ஆழ்கடலுக்கு இழுத்துச் செல்லப்படும்; அவற்றில் ஏறக்கூடாது.

கருவிகளும் இரையும்

குளத்தில் பயன்படும் மண்புழுவுக்கும் மாவுக்கும் மாற்றாக இறால், கணவாய், மத்தித் துண்டு ஆகியவை இரையாகின்றன. நீரோட்டத்தில் இரை நிலைத்து நிற்கக் கனமான ஈயக்குண்டு தேவை. சீலா, வஞ்சிரம் போன்ற கூர்மையான பற்கள் கொண்ட மீன்கள் நைலான் நரம்பை அறுத்துவிடும் என்பதால் தூண்டில் முள்ளுக்கு மேலே சிறிது நீளத்துக்கு எஃகுக் கம்பி இணைக்கப்படுகிறது. உப்பு நீர் உலோகத்தை விரைவில் அரிக்கும். ஆகவே ஒவ்வொரு முறையும் கருவிகளை நன்னீரில் கழுவி உலர்த்த வேண்டும்.

ஆபத்துகள்

தொலைவில் உருவாகும் நீண்ட அலைகள் உள்ளூரில் காற்று இல்லாதபோதும் திடீரெனக் கரையில் மோதலாம். இது கள்ளக்கடல் எனப்படுகிறது. 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தனர். அந்நாட்களில் கள்ளக்கடல் எச்சரிக்கை நடைமுறையில் இருந்தது. ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இத்தகைய எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. புறப்படும் முன் அவற்றைப் பார்ப்பதும், ஈரமான பாறைகளில் நிற்காமல் இருப்பதும், தனியாகச் செல்லாமல் இருப்பதும் அவசியம்.

கடல் கெளுத்தி, திருக்கை ஆகியவற்றின் முட்களில் நஞ்சு உண்டு. இந்நஞ்சு வெப்பத்தில் சிதையும் தன்மையுடையது. குத்துப்பட்ட இடத்தைத் தாங்கக்கூடிய சூடுள்ள நீரில் (45 பாகை செல்சியசுக்கு மிகாமல்) 30 முதல் 90 நிமிடங்கள் வைத்தால் வலி குறையும். சூட்டை முதலில் காயம் இல்லாத கையால் சோதிக்க வேண்டும். பின்னர் மருத்துவரை அணுக வேண்டும். பேத்தை மீனின் நஞ்சு இதற்கு மாறானது. சமைத்தாலும் அழியாது, அதற்கு மாற்று மருந்தும் இல்லை. பெயர் தெரியாத மீனை உள்ளூர் மீனவரிடம் காட்டாமல் உண்ணக்கூடாது.

சட்டக் கட்டுப்பாடுகள்

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அனுமதியின்றி அங்கு செல்ல முடியாது. கடல் அட்டை, கடற்குதிரை ஆகியவற்றைப் பிடிப்பது 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை.