பார வண்டிகளின் கிளட்ச்: பேணுதலும் மாற்றுதலும்

செஞ்சியைச் சுற்றிலுமுள்ள கிராமங்களில் அறுவடை முடிந்தவுடன் நெல்லும் மணிலாவும் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தை நோக்கிப் புறப்படுகின்றன. முற்காலத்தில் இரட்டை மாட்டு வண்டிகள் சுமந்த இப்பாரத்தை, இப்போது ஜனங்கள் குட்டியானை என்றழைக்கும் சிறு வண்டிகளும் பிக்கப் வண்டிகளும் சுமக்கின்றன. மாட்டின் கழுத்தில் புண் கண்டால் அன்றே மருந்திடும் குடியானவர், வண்டியின் கிளட்ச் தேய்வதைக் கவனியாதிருந்து, மூட்டைகளோடு நடுவழியில் நின்றுவிடுகிறார். அதனால் அன்றைய விலை தவறிப்போவதுடன், மழை வருமாயின் நெல்லும் நனைந்து நஷ்டம் இரட்டிக்கிறது.

கிளட்ச்சின் வேலை

எஞ்சினோடு சுழலும் கனத்த சக்கரத்துக்குப் பிளைவீல் என்று பெயர். உராய்வுப் பூச்சுள்ள கிளட்ச் தட்டை, வில் அழுத்தமுடைய பிரஷர் பிளேட் அதன்மேல் இறுக்கிப் பிடித்திருக்கிறது. மிதியை அழுத்தினால் ரிலீஸ் பேரிங் அவ்வில்லைத் தள்ளும்; பிடி தளர்ந்து, கியர் பெட்டிக்குச் செல்லும் விசை நின்றுவிடும். மிதியை முழுவதும் விட்டிருக்கையில் தட்டு தேய்வதில்லை. பாதி அழுத்திய நிலையில்தான் அது வழுக்கி, உராய்ந்து, சூடேறித் தேய்கிறது. கிளட்ச்சைக் கெடுப்பது பெரும்பாலும் தூரமன்று. இந்த அரைமிதியே என்றறிக.

கேட்டின் காரணங்கள்

நெல் வரத்து மிகும் நாட்களில் விற்பனைக்கூடத்தின் முன் வண்டிகள் நீண்ட வரிசையில் நிற்பதுண்டு. அப்போது கியரைப் போட்டபடியே, அரைமிதியில் அடியடியாய் நகர்வது பெருங்கேடு. திண்டிவனம் வரையில் சீராய் ஓடுவதைக்காட்டிலும் இவ்விதம் ஊர்வதால் தட்டு அதிகம் தேயும். ஏரிக்கரைச் சரிவில் கைப்பிரேக்கைப் போடாமல் கிளட்ச்சாலேயே வண்டியைத் தாங்கி நிறுத்துதல், ஓடும்போது மிதியின்மேல் ஓயாது காலை வைத்திருத்தல், சேற்றில் புதைந்த வண்டியைக் கிளட்ச்சை வழுக்கவிட்டே மீட்க முயலுதல், அளவுக்கு மிஞ்சிய பாரம் ஏற்றுதல் ஆகியவையும் விலக்கத்தக்கன.

குறிகள்

1. எஞ்சின் இரைச்சல் மிகுந்தும் வண்டியின் வேகம் மிகாதிருப்பின், தட்டு வழுக்குகிறது. கருகிய நாற்றமும் உடன் வரலாம்.

2. மிதியை முழுவதும் அழுத்தியும் கியர் உராய்ந்து விழுந்தால், கிளட்ச் முற்றிலும் பிரியவில்லை.

3. புறப்படும்போது வண்டி அதிர்ந்தால், தட்டில் எண்ணெய் பட்டிருத்தல் கூடும். பிளைவீல் சூட்டால் கெட்டிருத்தலும் கூடும்.

4. மிதியை அழுத்தும்போது மாத்திரம் ஓசை எழுந்தால், ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும்.

வழுக்கலைச் சோதிக்க ஓர் எளிய உபாயம் உண்டு. சமதரையில் கைப்பிரேக்கை இறுக்கி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வண்டியின் முன்னும் பின்னும் ஆள் இல்லாதபடி செய்து, நான்காவது கியரில் மிதியை மெல்ல விடுக. எஞ்சின் நின்றுவிட்டால் பிடி நன்றாயுள்ளது. ஓடிக்கொண்டேயிருந்தால் கிளட்ச் வழுக்குகிறது. சூடு மிகுமாதலால் இச்சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்யலாகாது.

பேணும் முறை

வழுக்கல் கண்டவுடன் தட்டை மாற்ற விரைய வேண்டாம். கேபிள் வைத்த வண்டியில் மிதிக்குச் சிறிது வெறும் அசைவு இருத்தல் அவசியம்; அவ்வசைவு இல்லாவிடில் பிடி எப்போதும் தளர்ந்தே இருக்கும். அதன் அளவை வண்டியோடு கொடுத்த கைப்புத்தகத்தில் கண்டு சரிசெய்க. திரவத்தால் இயங்கும் கிளட்ச்சாயின் கிண்ணத்தில் திரவ மட்டத்தைப் பார்த்துவர வேண்டும். மூடியில் குறித்த வகையன்றி எஞ்சின் எண்ணெயை ஊற்றினால் ரப்பர் வளையங்கள் ஊதிக் கெடும்.

மாற்றும் முறை

இது தேர்ந்த மெக்கானிக்கின் வேலை. எனினும் உடையவர் அருகிருந்து கவனிப்பது நலம். பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றிய பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும். கியர் பெட்டியை ஜாக்கியால் தாங்கியே இறக்குக. அதன் பாரம் தட்டின் நடுவில் தொங்கலாகாது. பழைய பூச்சுகள் சிலவற்றில் கல்நார் இருக்கக்கூடுமாதலின், தூசியைக் காற்றால் ஊதாமல் ஈரத் துணியால் துடைக்க வேண்டும்.

கியர் பெட்டியை இறக்கி ஏற்றும் உழைப்பே பெரிதாகையால், தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒருங்கே மாற்றுவதே சிக்கனம். பிளைவீலில் வெடிப்போ நீலம் பாய்ந்த சூட்டுத் தழும்போ உண்டா என்றும், எஞ்சினின் பின்புற எண்ணெய்ச் சீல் கசிகிறதா என்றும் பார்க்கவும். கசிவை நீக்காமல் புதுத் தட்டைப் போட்டால் அதுவும் விரைவில் கெடும். தட்டின் எந்தப் பக்கம் பிளைவீலை நோக்க வேண்டுமென்பதைக் கவனித்து, நடுவை ஒழுங்குபடுத்தி, ஆணிகளை எதிரெதிராய்ச் சிறிது சிறிதாக முடுக்க வேண்டும். உராய்வுப் பரப்பில் கிரீஸ் படலாகாது. முதல் சில நூறு கிலோமீட்டர் வரையில் கடும்பாரம் ஏற்றாதிருத்தல் உத்தமம்.

முடிவு

அறுவடைக்கு ஒரு மாதம் முன்னரே மேற்கூறிய சோதனையைச் செய்துவிட்டால், வேண்டிய உறுப்புகளை நிதானமாய் வாங்கி மாற்றலாம். வரிசையில் நிற்கையில் கியரை நீக்கி எஞ்சினை நிறுத்திவிட்டு, முன்னே நல்ல இடைவெளி ஏற்பட்டபின் ஒரே தடவையாய் நகர்வதை ஓட்டுநர்கள் பழகிக்கொள்ள வேண்டும். கிராம அலுவலர்களும் ஊராட்சியாரும் களத்திலிருந்து ஏரிக்கரைக்கு ஏறும் பாதையிலுள்ள பள்ளங்களை அறுவடைக்கு முன்பே தூர்ப்பித்தும், ஊர் வண்டிகள் யாவும் ஒரே காலையில் திரளாதபடி நாள்முறை வகுத்தும் கொடுப்பார்களாயின், குடியானவர்களின் செலவும் காத்திருப்பும் ஒருங்கே குறையும்.